நுழைவாயிலுக்கு உள்ளே: உயர்கல்வியின் எழுதப்படாத விதிகளும் நம் மாணவர்களும்



எம்.சி.ராஜாவின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் கல்வியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று முடிவெடுக்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவரை நாம் பெரும்பாலும் சட்டமன்றத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். 1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் சென்றவர். பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என 1922-இல் தீர்மானம் கொண்டுவந்தவர். இதற்கெல்லாம் முன்னால் அவர் ஓர் ஆசிரியர். பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். சென்னை சைதாப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு கல்லூரி மாணவர் விடுதி இருக்கிறது. ஊரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கிய நம் பிள்ளைகள் பலருக்கு எம்.சி.ராஜா என்பது தலைவரின் பெயராகத் தெரியும் முன்பே முகவரியாகத் தெரிந்துவிட்டது. அந்த முகவரியிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் அங்கே என்ன சந்தித்தார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

சில ஆண்டுகளாக நாங்கள் ஒரு வேலையைச் செய்துவருகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளுக்குப் போய் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுகிறோம். போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பதில்லை, பாடம் நடத்துவதும் இல்லை. கல்லூரி என்ற இடம் எப்படி இயங்குகிறது, அங்கே யாரிடம் எதை எப்போது கேட்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பேசுகிறோம். போன இடத்திலெல்லாம் மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு வாக்கியம்: "இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லலையே." அந்த வாக்கியத்தை வெறும் ஆதங்கமாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு சமூகவியல் உண்மை.

கதவு திறந்த பிறகு

2021-22 ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். பட்டியல் சாதியினருக்கு நாடு முழுவதும் 25.9. இடஒதுக்கீடு, உதவித்தொகை, விடுதி, முதல் தலைமுறைப் பட்டதாரிக் கட்டணச் சலுகை, இவற்றுக்குப் பின்னால் உள்ள நூறாண்டுப் போராட்டம், எல்லாம் சேர்ந்து இந்த எண்களை உண்டாக்கியிருக்கின்றன. இதைச் சிறிய சாதனை என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னோர் எண்ணையும் பார்ப்போம். 2023 டிசம்பரில் மக்களவையில் ஒன்றிய அரசு கொடுத்த பதிலின்படி, அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.கள், ஐ.ஐ.எம்.களிலிருந்து படிப்பைப் பாதியில் விட்டு வெளியேறிய பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,626 பேர். மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருக்கின்றன, அவர்கள் வேறு படிப்புக்கும் வேறு நிறுவனத்துக்கும் மாறிக்கொள்கிறார்கள் என்பது அரசின் விளக்கம். மாறிப் போனவர்களும் இருக்கலாம். ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய பிள்ளைகளை நமக்குத் தெரியும். 'நமக்கு இது ஒத்துவராது' என்று சொல்லிக்கொண்டு திரும்பியவர்கள் அவர்கள். அந்த 'ஒத்துவராது' எங்கே உற்பத்தியாகிறது என்பதே நம் கேள்வி.

கல்விச் சமூகவியலில் இதற்குச் சொற்கள் இருக்கின்றன. பாடப் புத்தகத்தில் இல்லாமலேயே பள்ளி கற்பிக்கும் பாடங்களை, வரிசையில் நிற்பது, காத்திருப்பது, மெச்சும்படி நடப்பது போன்றவற்றை, 'மறைந்த பாடத்திட்டம்' என்று 1968-இல் பெயரிட்டார் அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பிரான்சில் பியர் பூர்தியுவும் ழான் குளோட் பாஸரோனும் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார்கள். அதன் தலைப்பே 'வாரிசுகள்' என்று பொருள்படும். வசதியான வீட்டுப் பிள்ளை வீட்டிலேயே பெற்றுக்கொண்ட பேச்சு, ரசனை, தன்னம்பிக்கை ஆகியவற்றைப் பல்கலைக்கழகம் 'திறமை' என்று பெயர் மாற்றிப் பரிசளிக்கிறது என்றார்கள்.

பிரான்சில் அது வர்க்கத்தின் கதை. நம்மிடம் அதே கதை சாதியின் வழியாக நடக்கிறது. மூன்று தலைமுறையாகப் பட்டதாரிகள் இருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால், அத்தை ஒரு பேராசிரியர், சித்தப்பா பதிவாளர் அலுவலகத்தில், பக்கத்து வீட்டு அண்ணன் அதே துறையில் ஆராய்ச்சி. எதையும் கேட்காமலேயே சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் எல்லாம் காதில் விழுந்துவிடும். நம் வீடுகளில் 'படி, படி' என்று சொல்வார்கள். தன் வயிற்றைக் கட்டிப் படிக்க வைப்பார்கள். எப்படி என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை. சொத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு இந்தச் சொத்தும் மறுக்கப்பட்டிருக்கிறது. பத்திரம் இல்லாமல் கைமாறுவதால் இது சொத்தென்று யார் கண்ணுக்கும் படுவதில்லை.

விடுதிகளில் பேசிப் பேசி இந்த விதிகளை நாங்கள் மூன்றாகப் பிரித்துக்கொண்டோம்: அலுவலகத்தின் விதிகள், அறிவின் விதிகள், பணிவின் விதிகள். மூன்றையும் ஒரே மாதிரி அணுகக் கூடாது என்பதுதான் எங்கள் வாதம்.

அலுவலகத்தின் விதிகள்

முதலாவது, காகிதம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை எடுத்துக்கொள்வோம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கு வேண்டும் என்பதெல்லாம் எழுதப்பட்ட விதி. அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால்தான் பணம் வரும் என்பது பல மாணவர்களுக்குப் பணம் வராதபோதுதான் தெரிகிறது. 2021-இல் திட்டம் மாற்றியமைக்கப்பட்ட பிறகு ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கே வருகிறது. வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, இது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் என்று சொல்லாது. வேலை இல்லாத மாதம், அம்மாவுக்கு மருத்துவச் செலவு. வீடு அந்தப் பணத்தைத் தொட்டுவிடுகிறது. தேர்வு நெருங்கும்போது கல்லூரி பாக்கியைக் கேட்கிறது. ஹால் டிக்கெட் நிற்கிறது. பையன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். ஆவணத்தில் அவன் 'இடைநிற்றல்'. நடந்தது என்னவென்றால், வந்த பணம் என்ன பணம் என்று அவனிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

வருகைப் பதிவைப் பாருங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் வேண்டும். நம் விடுதி மாணவர்களில் பலர் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள். ஆவணியிலும் தையிலும் முகூர்த்த நாள் வந்தால் இரவெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு விடியற்காலையில் விடுதிக்கு வருவார்கள். அந்த மாதங்களில் வருகை சரியும். குறைந்த வருகைக்குக் கட்டணம் கட்டி விலக்குக் கேட்கும் வழி பல பல்கலைக்கழகங்களில் உண்டு. அதற்கொரு வரம்பும் கடைசித் தேதியும் உண்டு. இது கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் இருக்கும். வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒரு படி வைத்துக்கொள் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்காது. வீட்டில் படித்தவர் இருந்தால் சொல்லியிருப்பார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். நமக்குச் சாதகமான எழுதப்பட்ட விதிகளும் எழுதப்படாதவை போலவே கிடக்கின்றன. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்தது. தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நெட் தேர்வெழுத முதுகலையில் பொதுப்பிரிவினருக்கு 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 50 போதும். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான வயது வரம்பில் நமக்கு ஐந்தாண்டு தளர்வு உண்டு. 52 சதவீதம் வாங்கிய பிள்ளைகள் 'எனக்குத் தகுதி இல்லை' என்று விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களைத் தடுத்தது சட்டமில்லை. சட்டம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. சேதிதான் போய்ச் சேரவில்லை.

இந்த விதிகளைக் கற்றுக்கொடுப்பதில் எந்தத் தயக்கமும் தேவையில்லை. இவற்றை ஒரு தாளில் எழுதி, விடுதியின் சுவரில், சாப்பாட்டு வரிசை நிற்கும் இடத்தில் ஒட்டிவிடலாம். ஒட்டியிருக்கிறோம்.

அறிவின் விதிகள்

இரண்டாவது வகை, படிப்பின் உள்ளே இருப்பது. இது கொஞ்சம் கடினம்.

வகுப்பு முடியும்போது பேராசிரியர் கேட்கிறார்: "டவுட் இருந்தா கேளுங்க." நம் மாணவர் கேட்பதில்லை. கேள்வி கேட்டால் தெரியவில்லை என்று காட்டிக்கொள்வதாக ஆகிவிடும் என்று பள்ளியிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அதே கேள்வி ஆர்வத்தின் அடையாளம். ஒரே கேள்வி, கேட்பவரைப் பொறுத்து அறியாமையாகவும் அறிவாகவும் பார்க்கப்படுகிறது. நாங்கள் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: "புரியலை சார்" என்று நிறுத்தாதீர்கள். எதுவரை புரிந்தது, எந்த இடத்தில் தடுக்கிறது என்று சொல்லுங்கள். துறை அறையின் வாசலில் போய் நில்லுங்கள். பாடம் பற்றிப் பேராசிரியரைச் சந்திப்பது சலுகை கேட்பதாகாது. அவருடைய வேலையில் அதுவும் அடக்கம்.

எழுத்தைப் பற்றி. பன்னிரண்டாம் வகுப்புவரை நம் பிள்ளைக்குச் சொன்னது என்ன? புத்தகத்தில் உள்ளபடியே எழுது. ஒரு சொல் மாறினாலும் மதிப்பெண் போய்விடும். விடிய விடிய மனப்பாடம் செய்து அப்படியே எழுதினான், முழு மதிப்பெண் வாங்கினான், ஊர் பாராட்டியது. முதுகலைக்கு வந்ததும் அதே செயலுக்குக் கருத்துத் திருட்டு என்று பெயர். 2018-இல் மானியக் குழு வகுத்த ஒழுங்குமுறையின்படி ஆய்வேட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் நடவடிக்கை உண்டு. விதி தலைகீழாக மாறிவிட்டது. மாறியதை யாரும் அறிவிக்கவில்லை. ஒருவர் சொன்னதை அவர் பெயரோடு எடுத்தாள்வது, அதோடு உடன்படுவது, முரண்படுவது, பிறகு தன் சொல்லை வைப்பது என்ற இந்த நாகரிகத்தை முதலாண்டிலேயே, பத்து வரிக் கட்டுரையில் தொடங்கிக் கற்றுக்கொடுக்க வேண்டும். தண்டனையின் வழியாக அல்ல.

வாசிப்பைப் பற்றி. ஆங்கிலத்தில் முப்பது பக்கக் கட்டுரை ஒன்றைக் கையில் வாங்கிய மாணவி, முதல் வரியில் தொடங்கி ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்து, நான்காம் பக்கத்தில் அழுதுகொண்டு மூடிவைக்கிறாள். முன்னுரையை முதலில் படி, முடிவுரைக்குத் தாவு, ஆசிரியர் யாரோடு சண்டை போடுகிறார் என்று கண்டுபிடி, பிறகு நடுப்பகுதிக்கு வா என்று சொல்லக் கால் மணி நேரம் போதும். பேராசிரியர்களே அப்படித்தான் படிக்கிறார்கள். தங்கள் கல்லூரிக்கு என்-லிஸ்ட் வழியாக ஆயிரக்கணக்கான மின்னூல்களும் ஆய்விதழ்களும் கிடைக்கின்றன என்பதும், நூலகரிடம் கடவுச்சொல் கேட்க வேண்டும் என்பதும், நாட்டின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா தளத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்பதும் இறுதியாண்டு மாணவர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கின்றன.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் ஒரு கருவி; அதைக் கற்றே ஆக வேண்டும். ஆனால் சரளமும் அறிவும் ஒன்று என்ற நம்பிக்கை கல்வி நிலையங்களில் கோலோச்சுகிறது. செமினாரில் திக்கித் திணறிப் பேசும் மாணவியின் வாதம் எத்தனை கூர்மையாக இருந்தாலும் கேட்பவர்கள் திணறலைத்தான் கேட்கிறார்கள். முதலில் தமிழில் வாதத்தைக் கட்டு, பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோ என்று சொல்கிறோம். வாதம் உறுதியாக இருந்தால் இலக்கணப் பிழை அதைச் சாய்த்துவிடாது.

ஆராய்ச்சிக்குப் போகும்போது விதிகள் இன்னும் மறைவாகின்றன. பரிந்துரைக் கடிதம் என்றால் என்ன, அதை எத்தனை வாரம் முன்பு கேட்க வேண்டும், கேட்கும்போது தன்விவரக் குறிப்பையும் ஆய்வு முன்வரைவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது? பிறகு நேர்முகத் தேர்வு. எழுதப்படாத விதிகளுக்கென்றே ஒரு தேர்வு உண்டென்றால் அது இதுதான். உட்காரும் விதம், பார்க்கும் விதம், உச்சரிப்பு, எந்தக் கல்லூரியிலிருந்து வருகிறாய் என்ற கேள்வி, எல்லாம் அங்கே மதிப்பெண் ஆகின்றன. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2016-இல் அப்துல் நஃபே தலைமையிலான குழு எழுத்துத் தேர்வு மதிப்பெண்களையும் நேர்முக மதிப்பெண்களையும் ஒப்பிட்டு, பாகுபாடு இருப்பதைச் சுட்டி, நேர்முகத்தின் பங்கை 30-லிருந்து 15 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு வந்த மானியக் குழுவின் ஒழுங்குமுறை எதிர்த்திசையில் போனது. எழுத்துத் தேர்வு தகுதி காண மட்டும், தேர்வு செய்வது நேர்முகம் என்றது. மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 2018-இல்தான் அது 70-க்கு 30 என்று மாறியது. விதியைக் கற்றுக்கொள்வது ஒரு வேலை, விதியை மாற்றுவது இன்னொரு வேலை, இரண்டையும் மாணவர்களே செய்ய முடியும் என்பதற்கு இது சாட்சி.

பணிவின் விதிகள்

மூன்றாவது வகையை நாங்கள் கற்றுக்கொடுப்பதில்லை. அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கிறோம்.

"எந்த ஊரு?" "ஊர்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்ன பண்றார்?" "கட்-ஆஃப் எவ்வளவு?" இவை சாதாரண விசாரிப்புகள் போலத் தொடங்கும். நான்காம் கேள்வியில் சாதி கைக்கு வந்துவிடும். வகுப்பறைக்குள் ஒரு சுற்றறிக்கை வரும்: "எஸ்.சி., எஸ்.டி. ஸ்டூடன்ட்ஸ் எல்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வாங்கிக்கங்க." யாரும் வசைச்சொல் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு மதிய உணவு வட்டம் மாறிவிடுகிறது. வருகை குறைந்தால் "பேரன்ட்ஸைக் கூட்டிட்டு வா" என்பார்கள். சம்பளம் வாங்கும் தந்தைக்கு அது அரை நாள் விடுப்பு. கூலிக்குப் போகும் தந்தைக்கு ஒரு நாள் சோறு. அவர் துறைத் தலைவர் முன் கைகட்டி நிற்பதை மகள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தக் காட்சியும் ஒரு பாடம்தான். அதற்கான பாடத்திட்டக் குழு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

ஆய்வு மாணவர் நெறியாளர் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டுகிறார், பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறார். 'எல்லாரும் செய்றதுதானே' என்கிறார்கள். எல்லாரும் செய்வதில்லை. மறுத்தால் யாருக்கு எதுவும் ஆகாதோ அவர்கள் செய்வதில்லை. ஆய்வு மாணவிகளுக்கு இந்த விதி இன்னும் ஆபத்தானது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழு தங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா, உறுப்பினர்கள் யார் என்பதைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இந்த விதிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது. எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நம் மாணவர்கள் விடுதியிலும் வகுப்பிலும் செய்முறைத் தேர்விலும் ஒதுக்கப்படுவதை 2007-இல் சுகதேவ் தோரட் குழு ஆவணப்படுத்தியது. 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா. 2017 மார்ச்சில் டெல்லியில் நம் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தட்வி. ரோஹித்தின் தாயும் பாயலின் தாயும் அதே ஆண்டு சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்டார்கள். பிள்ளையை இழந்த தாய்மார் கேட்டது எழுதப்பட்ட விதியை.

இது இன்னொரு சமஸ்கிருதமயமாதலா?

தோழர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'அவர்களுடைய விதிகளை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால், அவர்களைப் போல ஆகச் சொல்வதாகாதா? எம்.என்.சீனிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாதலின் கல்லூரிப் பதிப்புத்தானே இது? விதியை மாற்றப் போராடுவதை விட்டுவிட்டு விளையாடக் கற்றுக்கொடுக்கிறீர்களா?'

எங்கள் பதிலை இரண்டாகச் சொல்கிறோம். போலச் செய்வது என்பது விதி எங்கிருந்து வந்தது என்பதை மறைத்துக்கொண்டு செய்வது. நாங்கள் விதியையும் அதன் பிறப்பிடத்தையும் சேர்த்தே சொல்கிறோம். மேற்கோள் காட்டுவது அறிவுலகின் நேர்மை, அதை ஏற்றுக்கொள். நெறியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது பண்ணையத்தின் மிச்சம். அதை அறிந்துகொள், மறுக்கும் வழியைக் கூட்டாகத் தேடு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மாணவர் ஒன்று இரண்டையும் ஏற்றுக்கொண்டு கூனிப்போகிறார், அல்லது இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறுகிறார். இரண்டிலும் இழப்பு நமக்குத்தான்.

அடுத்தது, விதிகளை மாற்றும் போராட்டத்துக்கு ஆள் வேண்டும். முதலாண்டிலேயே அரியர் விழுந்து ஊர் திரும்பியவரால் கல்விக் குழுவில் உட்கார்ந்து வாதாட முடியாது. உள்ளே நிலைத்து நிற்பவரால்தான் முடியும். தான் தோற்றது தன் மூளைக் குறையால் என்று நம்புகிறவர் போராட வரமாட்டார். தனக்குத் தெரியாமல் போன விதி ஒன்று இருந்தது, அது தெரியாததற்கு ஒரு வரலாறு இருக்கிறது என்று அறிந்தவர் வருவார். எங்கள் வேலையின் முதல் பயன் மதிப்பெண் உயர்வதில் இல்லை. 'நான் மக்கு' என்ற எண்ணம் உடைவதில் இருக்கிறது.

கேளுஸ்கரை நிறுவனமாக்குவது

அம்பேத்கரின் கல்வியை நாம் பெரும்பாலும் தனிமனித உழைப்பின் கதையாகச் சொல்கிறோம். அதில் ஒரு வழிகாட்டி இருக்கிறார். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர். மெட்ரிக் தேறிய பீமராவுக்குத் தான் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தவர். பிறகு பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் அவரை அழைத்துப் போனவர். அந்த உதவித்தொகையில்தான் எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நடந்தது. உதவித்தொகை எங்கே கிடைக்கும், யாரைப் பார்க்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது கேளுஸ்கருக்குத் தெரிந்திருந்தது. 1912-இல் பட்டம், 1913-இல் கொலம்பியா.

இதிலிருந்து பாபாசாகேப் எடுத்துக்கொண்ட பாடத்தைப் பாருங்கள். ஒரு நல்ல மனிதர் கிடைப்பார் என்ற அதிர்ஷ்டத்துக்கு அடுத்த தலைமுறையை அவர் விட்டுவைக்கவில்லை. 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா. அடுத்த ஆண்டு சோலாப்பூரில் ஒரு விடுதி. 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும் பட்டியல் சாதியினரின் உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று மனு கொடுத்தார். இன்று நாம் வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. 1945-இல் மக்கள் கல்விக் கழகம், 1946-இல் சித்தார்த்தா கல்லூரி. கல்லூரி கட்டுவதற்கு இருபத்தோரு ஆண்டுகள் முன்பே அவர் விடுதி தொடங்கினார். நம் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கும் இடம்தான் நம் முதல் கல்வி நிறுவனம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

அதனால் விடுதியிலிருந்தே தொடங்குவோம். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு பொதுக் குறிப்பேடு வையுங்கள். மூத்த மாணவர் தான் தடுக்கி விழுந்த இடங்களைத் தேதியோடு எழுதட்டும்: எந்த விண்ணப்பத்துக்கு எது கடைசி நாள், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நாள் ஆகும், எந்த ஆசிரியர் பொறுமையாகச் சொல்லித்தருவார். படித்து வேலைக்குப் போனவர்கள் மாதம் ஒரு ஞாயிறு வாருங்கள். பணம் கொடுத்தால் மகிழ்ச்சி. நேரம் கொடுத்தால் அதைவிட மகிழ்ச்சி. நீங்கள் பட்டு அறிந்த விதிகளை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், நமக்குள்ளேயே புதிய வாரிசுகளை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

கல்வி நிறுவனங்களிடமும் அரசிடமும் நாம் கேட்பவை இவை. உள்மதிப்பீட்டு மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்பது பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். உதவித்தொகை தாமதமானால் மாணவரின் ஹால் டிக்கெட்டைத் தொடக் கூடாது. உதவித்தொகை அறிவிப்பு வகுப்பறையில் எழுப்பி நிறுத்திச் செய்யப்படக் கூடாது. ஆய்வு மாணவரின் கடமைகளும் நெறியாளரின் கடமைகளும் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதுவது எப்படி, வாசிப்பது எப்படி என்பது முதல் பருவத்தில் மதிப்பெண் உள்ள பாடமாக வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களில் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலரும் இருக்க வேண்டும் என்று மானியக் குழு 2012-இலேயே ஒழுங்குமுறை வகுத்தது. மாணவ நண்பர்களே, நாளைக் காலை உங்கள் கல்லூரிக்குப் போய் அந்த அலுவலரின் பெயர் என்ன, அறை எண் என்ன என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஐந்து பேராகப் போங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நூறாண்டுக்கு முன் எம்.சி.ராஜா சட்டமன்றத்தில் ஒரு பெயரை மாற்றக் கேட்டார். அரசுக் காகிதத்தில் நம்மை எப்படி எழுதுகிறார்கள் என்பது எத்தனை பெரிய விஷயம் என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. காகிதத்தில் எழுதப்படாமல் நம்மீது நடத்தப்படும் விதிகளை எழுத வைப்பது நம் தலைமுறையின் வேலை. எழுதப்பட்ட விதியோடு வாதாடலாம், வழக்காடலாம், திருத்தலாம். அதுவரை, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொண்டே இருப்போம்.